துத்தி இலையும் மூணாவது கீமோவும்

திண்டிவனத்தில் நான் ஏறிய விழுப்புரம் பஸ். முன் சீட்டில் ஒரு அம்மா, பக்கத்திலிருந்த தன் அண்ணன் மகளிடம் சொன்னார்:

"துத்தி இலை கேன்சருக்குப் பொருந்துதுன்னு உன் கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. அப்புறம் எனக்கு எதுக்குடி மூணாவது கீமோ? இலைய அரைச்சிக் குடிச்சிக்கினு வூட்லயே கெடக்கறேன்."

"ஐயோ அத்தை, அது காலேஜ் ப்ராஜெக்ட். இலையில இருக்கற ஒரு பொருளை கேன்சர் புரதத்தோட கம்ப்யூட்டர் படத்துலதான் பொருத்திப் பாத்தேன். எந்த ஒடம்புலயும் குடுத்துப் பாக்கல. ஜாதகம்தான் பொருந்தியிருக்கு. குடித்தனம் எப்படின்னு யாருக்குத் தெரியும்?"



"எனக்கும் உங்க மாமாவுக்கும் பத்துப் பொருத்தமும் இருந்துச்சு" என்றார் அந்த அம்மா.

பெண் சிரித்துவிட்டாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

"சிரிச்சது போதும், எழுந்திரு. ஜல்தியா எறங்கு."