பதினோரு உறைக் கிணறு

– என் பேரப் போடுங்க மேடம். மொதப் பேரா வேணாம், ரெண்டாவதா போடுங்க.

– கார்குழலி, கதவச் சாத்திட்டு உக்காரு. அத மட்டும் கேக்கவே கூடாதுன்னு போன வாரமே சொன்னேன் இல்ல?

– சொன்னீங்க. கேக்கறேன். பிள்ளைச்சாவடியில கடல் கரைய அறுத்து அந்த உறைக் கிணறு வெளிய வந்தப்ப மொதல்ல பாத்தது எங்கப்பா. இடுப்புத் தண்ணியில நின்னுக்கினு பதினோரு சுடுமண் உறையும் எண்ணி அளந்தது நானு. அறிக்கையில ‘உள்ளூர் மீனவர்கள்’னு ரெண்டு வார்த்தை. அவ்ளோதான்.

– அதுக்குள்ள உங்கப்பாவும் வர்றாரே மா.

– அவருக்கு வடிவேல்னு ஒரு பேரு இருக்கு.

– அலோர், இப்படிப் பேசினா எப்படி? எம்.ஏ. படிக்கிற பொண்ணு பேரப் போட்டா, நாளைக்கு மத்த பசங்களும் வந்து நிப்பாங்க. கடைசிப் பக்கத்துல நன்றின்னு போடுறேன். உங்க வீட்டுல மொதப் பட்டதாரி நீ. பொறுமையா மேல வரணும்.

– இன்னா பொறுமை? அறிக்கைதான் போன வாரமே தொல்லியல் ஆபீசுக்குப் போயிடுச்சே.

– எனக்கு ஃபிரெஞ்சு ‘அலோர்’ வர்ற மாதிரி, கோவம் வந்தா உனக்கு ‘இன்னா’ வந்துடுது. போயிடுச்சு. கடல் அரிப்பத் தடுக்கறேன்னு கெணறு இருக்கற எடத்துல கல்லு கொட்டக் கூடாதுன்னு உத்தரவும் வந்தாச்சு. சந்தோஷப்படு.

– அந்த உத்தரவப் பாத்துட்டுத்தான் ஓடி வந்தேன். நாளைக்குக் காலையில கல்லு லாரி வருது. எங்க தெருவுக்கு எதுர்ல மட்டும் கொட்ட மாட்டாங்களாம். ஆயம்மா வீட்டு அடுப்பங்கரை போன வாரமே கடல்ல போச்சு. அடுத்தது எங்க வீடு. அமாவாசைக்கு அலை இன்னும் ஏறும், அதுக்கு நாலே நாள்.

– எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கெணறு அங்கதானே இருக்கு?

– இல்ல மேடம். மேப்புல நீங்க வச்ச புள்ளி தப்பு. அது அலை ஓட்டாஞ்சில்லு கொண்டாந்து குவிச்ச எடம். கெணறு முந்நூறு அடி வடக்கால, ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்துல. அங்க ஒரு வீடு கூட கெடயாது.

– ஜி.பி.எஸ். தப்பாகாது மா.

– மிஷின் தப்பில்ல. நீங்க நின்ன எடம் தப்பு.

– இத அன்னைக்கே சொல்லிருக்கலாமே.

– நீங்க வந்த அன்னைக்கு கெணறு தண்ணிக்குள்ள. கரை மாறிப் போயி எனக்கும் எடம் புரியல. இன்னைக்கு விடியக்காலையில அப்பா போட்டுல கூட்டிக்கினு போனாரு. தண்ணித் தொட்டியும் கோயில் கோபுரமும் ஒரே நேரா வரணும், ஐஸ் கம்பெனி கூரை பனமரத்த மறைக்கணும். வலை தொலஞ்சா அப்படித்தான் எடம் புடிப்பாரு. கம்ப விட்டுப் பாத்தேன். உறை தட்டுச்சு.

– மோன் தியே, கடவுளே. இது வேற யாருக்குத் தெரியும்?

– எங்க ரெண்டு பேருக்குத்தான். ஒரு போன் போடுங்க மேடம். எடம் மாறிப் போச்சுன்னு சொல்லுங்க.

– அவ்வளவு சுலபமா? இருபத்தாறு வருஷ சர்வீஸ். இந்த லினெட் எடமே தெரியாம அறிக்கை குடுத்தாள்னு சிரிப்பாங்க. ஒண்ணு பண்ணலாம். இது நமக்குள்ளயே இருக்கட்டும். அடுத்த வருஷம் கட்டுரை வரும்போது திருத்திக்கலாம். உன் பேரப் போடுறேன். ரெண்டாவதா கூட இல்ல, என் பேருக்குச் சமமா. பிஎச்.டி.யும் எங்கிட்டயே பண்ணு.

– அடுத்த வருஷம் வீடு இருக்காது.

– உங்களுக்கு வேற வீடு குடுப்பாங்க மா.

– குடுப்பாங்களா? நீங்க பாத்தீங்களா?

– அலோர், இதையும் யோசி. ஜி.பி.எஸ். நம்பர எழுதின அந்த அளவுத்தாள்ல கையெழுத்து யாருது?

– என்னுது. நீங்க நம்பரப் படிச்சீங்க, நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

– அப்ப வெளிய போயி என் மேல பழி சொன்னா யாரு நம்புவாங்க? பைய எதுக்கு எடுக்கறே? உக்காரு.

– உங்க மேல ஒண்ணும் சொல்லல. நாந்தான் எடத்தத் தப்பா எழுதிட்டேன்னு சொல்லப் போறேன்.

– பைத்தியமா உனக்கு? அதுக்கப்புறம் எந்த எடத்துல உன்னச் சேத்துக்குவாங்க?

– உங்க தப்புன்னா விசாரிக்கவே ஆறு மாசம் ஆகும் மேடம். என் தப்புன்னா சாயந்திரத்துக்குள்ள திருத்திடுவாங்க.