மொத்தம் தெரியாத விகிதம்

விகிதக் கணக்கில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒரு வகுப்பில் ஆண், பெண் விகிதம் மூன்றுக்கு ஐந்து. ஆண்கள் எத்தனை பேர் என்று கேட்டால், இந்தத் தகவல் போதும் என்று கை தூக்கிவிடுவார்கள். போதாது. மொத்தம் எத்தனை பேர் என்று இரண்டாவது கூற்று சொல்ல வேண்டும். மொத்தம் தெரியாத விகிதம், ஆள் இல்லாத சட்டை.

நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு என் வீட்டு முன்னறையில் இதைத்தான் நடத்துகிறேன். இவ்வகைக் கேள்விகளில் விடை கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கொடுத்த கூற்றுகள் போதுமா என்று சொன்னால் முடிந்தது.

“விடையே வேண்டாம்னா, பரீட்சையும் வேண்டாம்னு சொல்லிடலாமே சார்” என்றாள் ஒரு மாணவி. எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அப்பால் தம்பி முனகினான். சிரிப்பு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

விபத்துக்குப் பின் தம்பி எழவே இல்லை. இனி எழமாட்டான் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். வலிக்கு ஒரு மருந்து கொடுத்தார். ஒரு பங்கு மருந்து, நான்கு பங்கு தண்ணீர். கலந்ததில் ஒரு மூடி மட்டும். மீறினால் மூச்சு நின்றுவிடும். ஆக, இரண்டு கூற்றுகள். அவன் மனைவி வேலைக்குப் போகிறவள் என்பதால், மருந்து கொடுப்பது என் பொறுப்பு.

அன்று அவளுக்கு விடுமுறை. வகுப்பின் நடுவே கதவருகில் வந்து நின்றாள்.

“மாமா, அவர் துடிக்கிறார். மருந்தை எப்படிக் கலக்கணும்? நீங்க பாடத்தை விட்டுட்டு வராதீங்க, நானே குடுத்துடறேன்.”

“ஒண்ணுக்கு நாலும்மா.”

“ஒண்ணு மருந்து, நாலு தண்ணி. அவ்ளோதானே?”

“அவ்ளோதான்.”

நான் சொன்னதில் பொய் இல்லை. பாட்டிலில் மருந்தின் பெயர் மட்டும்தான் ஒட்டியிருந்தது, நீங்களே பார்த்தீர்கள். அவள் அளவைக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. இந்த ஸ்டேஷனில் அவளைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து அழவிடுவது நியாயமில்லை, ஐயா. என் மாணவர்கள் தினமும் செய்கிற தவறைத்தான் அவளும் செய்தாள். தம்பியின் வலி தீர வேண்டும் என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் வேறு எண்ணம் இல்லை.

தெரிந்தே செய்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவள் மறுபடியும் கதவருகில் வந்தாள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று வாய் திறக்காமல், கலந்த மருந்து நிறைந்திருந்த டம்ளரை மட்டும் உயர்த்திக் காட்டினாள். அதைக் கேள்வி என்று சொல்ல முடியாது. நான் தலையாட்டியதும் பதில் ஆகாது.

பிறகு பலகைப் பக்கம் திரும்பி அடுத்த கணக்கை எழுதினேன். சுவருக்கு அப்பால் முனகல் எப்போது நிற்கும் என்று கேட்டுக்கொண்டே, மிக மெதுவாக எழுதினேன்.