ஒரு பாலாடை பாலு

இல்லக்கா, ஆஸ்பத்திரிதான். ஆனா மனுசங்களுக்கு இல்ல, குதிரைக்கு. உத்திரமேரூர் தாண்டி உள்ள போவணும். நர்ஸா? அய்ய, நான் அங்க கொட்டாய் பெருக்கி லத்தி வார்றவ. அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க என்னிய, யாரு எனக்கு நர்ஸு வேல குடுப்பா.

பைய நான் மடியில வச்சிக்கிறேன், நீ ஒயுங்கா உக்காரு. உன் புள்ளைக்கு அஞ்சு மாசமா? எம் பொண்ணுக்கும் அவ்ளோதான் ஆவுது. பூஜா. ஜுரம்லாம் இல்லக்கா, நல்லாத்தான் கீறா, பாரு, உன் புள்ள ஜிப்பாவ புடிச்சி இழுக்கறா. ஆனா காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் இட்டுக்கினு போறேன். இன்னிக்கே ஊசி போடணும்னு எங்க டாக்டரம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. இல்லன்னா இவ உசுரு நம்ம கையில இல்லியாம்.

சொல்றேன்க்கா. மொதல்லேர்ந்து சொன்னாதான் எனக்கு வரும். நான் யாருகிட்டயும் இவ்ளோ பேசறவளே இல்ல. எங்கூட்டுக்காரரு கேட்டா நம்ப மாட்டாரு.

எங்க ஆஸ்பத்திரிக்கு சும்மா நொண்டற குதிரைலாம் வராது. மத்த டாக்டருங்க பாத்துட்டு, எங்களால ஆவாதுன்னு அனுப்பறதுதான் வரும். ரேஸ் குதிரை, பீச்சு குதிரை, மாப்பிள்ளைய ஏத்திக்கினு போற குதிரை. குதிரைக்கு வயித்து வலி வந்தா பேஜாருக்கா, கொடலு முறுக்கிக்கும். மயக்க ஊசி போட்டு, நாலு காலயும் கட்டி, சங்கிலில தலைகீயா தூக்குவாங்க. மொத நாளு அதப் பாத்துட்டு எனக்கு சோறு எறங்கல. மெத்தை ரூம்பு ஒன்னு கீது. சுவரு, தரை எல்லாமே மெத்தை. மயக்கம் தெளிஞ்சி ஏந்துக்கறப்ப முட்டிக்காம இருக்கணுமே. அத தொடைக்கறது நான்தான். கதவு சாத்திக்கிச்சின்னா நம்ம மூச்சு நமக்கே கேக்கும்.

கய்தயும் பாப்பாங்க. சிரிக்காதக்கா. ஒரு கய்தயாலதான் இன்னிக்கு நான் இந்த பஸ்ல கீறேன்.

வீராசாமின்னு ஒருத்தரு, கய்தய ஓட்டிக்கினு தெருத் தெருவா பாலு விக்கறவரு. முந்தா நேத்து காலைல எங்க தெருவுக்கு வந்தாரு. இவளுக்கு நெஞ்சுல சளி கர்ருன்னுக்கினு இருந்துச்சி. நானேதான் கூப்ட்டேன், மாமியா மேல பயி போட மாட்டேன். வாசல்லயே வச்சி ஒரு பாலாடை பீச்சி, வெதவெதன்னு அப்டியே வாயில வுட்டோம். காய்ச்சினா பலன் பூடும்னு சொல்லுவாங்கள்ல.

அப்பதான் அந்த கய்த கத்திச்சி. கத்தலே வரலக்கா. தொண்டையில துணிய அடைச்ச மாதிரி காத்து மட்டும் வந்துச்சி. இன்னா வீராசாமி, உன் கய்தைக்கே சளியா, அதுக்கு யாரு பாலு குடுக்கறதுன்னேன். அவுரு சிரிக்கல. நேத்துலேர்ந்து எதயும் முழுங்க மாட்டேங்குதும்மா, தொண்டையில எதுனா சிக்கிக்கிச்சி போலன்னாரு. பெரிய மனுசி மாதிரி நான்தான் எங்க ஆஸ்பத்திரிக்கு இட்டாரச் சொன்னேன்.

சாயங்காலம் இட்டாந்தாரு. வாயிலேர்ந்து எச்சி நூலு நூலா ஒயுவுது. பிரபா டாக்டரம்மா குதிரை ஒதைச்சாலும் நவுர மாட்டாங்க. அவங்களே நீட்டின கைய இயுத்துக்கினாங்க. இத நாயி எதுனா கட்ச்சிதான்னு கேட்டாங்க. போன மாசம் மூக்குல கட்ச்சிதும்மா, மஞ்சத்தூள அப்பி வுட்டுட்டேன்னாரு. அம்மா ஒடனே எங்க எல்லாரையும் வெளிய போவச் சொல்லிட்டாங்க.

மறுநா நான் வேலைக்கிப் போறப்ப செத்துக் கெடந்துச்சி. தன் முன்னங்கால தானே கடிச்சி சதைய பிச்சி வச்சிருந்துச்சிக்கா. தலைய மட்டும் அறுத்து, ஐசு பெட்டில வச்சி மெட்ராஸுக்கு டெஸ்டுக்கு அனுப்புனாங்க. மிச்சத்த ஆழமா குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி மூடிட்டாங்க. கொட்டாய கழுவ என்னிய வுடல.

இன்னிக்கு காலைல அங்கேர்ந்து போனு வந்துச்சி. வெறிநாயி நோயிதானாம். எச்சி யாரு மேலனா பட்டுச்சா, பாலு யாருனா குடிச்சாங்களான்னு அம்மா கேட்டாங்க. கடிச்சாதானே வரும்னு இருந்தேன்க்கா நான். பாலுன்னு கேட்ட ஒடனே, எம் பொண்ணுக்கு பச்சயா குடுத்தேன்மான்னேன். காய்ச்சின பாலுன்னா பயப்பட மாட்டேன், பச்சப் பாலு, அதுவும் பச்சக் கொயந்த, வராதுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்மா, ஓடுன்னாங்க. நோயி வெளிய தெரியறதுக்கு முன்னாடி ஊசி போட்டா தப்பிச்சிக்கலாம். தெரிஞ்சிட்டா அப்பால ஒன்னும் பண்ண முடியாதாம்.

வீராசாமியா? அவுரு நேத்தே ஊசி போட்டுக்கினாரு. அன்னிக்கு பீச்சினதே ரெண்டு வூட்லதான், அதுக்கப்பால அது ஒதைக்க ஆரம்பிச்சிடுச்சின்னு சொன்னாரு.

ஆமாக்கா. நெத்தில வெள்ளை கீற கய்ததான்.

எப்டி ஆரம்பிக்கறதுன்னு தெரியாமத்தான் குதிரைக் கதைலாம் சொல்லிக்கினு வந்தேன். வீராசாமிகிட்ட கேட்டுக்கினு, திருப்புலிவனத்துல உன் வூட்டுக்குத்தான் மொதல்ல போனேன். புள்ளைய தூக்கிக்கினு ராஜகுளம், அக்கா வூட்டுக்குக் கெளம்பிட்டான்னு உங்க மாமியாரு சொன்னாங்க. வயசானவங்க, அவங்ககிட்ட இத சொல்ல எனக்கு வாய் வரல. ஓடியாந்து நீ ஏறின பஸ்ல ஏறினேன்.

ஏந்துக்காதக்கா, வண்டி இன்னும் மாகரலே வரல. எறங்கி எங்க போவ? அவன அப்டி இறுக்காத, மூச்சு வுடட்டும். பெரியாஸ்பத்திரிக்கு டாக்டரம்மா காலைலயே போனு பண்ணிட்டாங்க, ரெண்டு கொயந்த வருதுன்னு.