புதுசுன்னு மாட்டின பட்டை

இல்லல்ல டீச்சர், பிள்ளைங்க பாரத்தால இல்ல. ஆறு பிள்ளைங்க ஏறினா ஜீப்பு பின்பக்கம் உக்காந்துடுமா என்ன? இருபத்தஞ்சு வயசானாலும் இது யானையவே இழுக்கும். இறங்கி இப்படி வாங்க. இப்ப வண்டியில யாரும் இல்ல, சரியா? டேப்பைப் பாருங்க. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ரெண்டு இஞ்சு கம்மி.

நீங்க குனியாதீங்க, துணி அழுக்காயிடும். அடியில ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கே, அதுதான் ஸ்பிரிங் பட்டை. வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கணும். உங்களோடது படுத்துக் கிடக்கு.

ஆமா, நாலு மாசம் முன்னாடிதான் புது செட்டு போட்டீங்க, தெரியும். புதுசா? இந்தா, சுரண்டுறேன். கருப்பு பெயின்ட்டுக்கு அடியில என்ன இருக்கு? துரு. வரிசையா பள்ளம் பள்ளமா இருக்கே, அது சுத்தியல் அடி. பழைய பட்டையவே சூடு காட்டாம அடிச்சு வளைச்சு, பெயின்ட் பூசி மாட்டியிருக்கான். ஒரு மாசம் நிமிந்து நிக்கும், அப்புறம் தொங்கிடும். அந்த மேட்டு ரோட்டுல பிள்ளைங்களோட போறப்ப ஒண்ணு ஒடிஞ்சிருந்தா... வேணாம், வாயால சொல்ல வேணாம்.

எந்த ஒர்க் ஷாப்புல போட்டீங்கன்னு நான் கேக்கவே இல்ல, கவனிச்சீங்களா? இங்கதான். போர்டுல இருக்கறது என் பேருதான். அதான் நானே போன் பண்ணி வரச் சொன்னேன்.

சேச்சே, நான் மாட்டல. நான் அப்ப கால் ஒடிஞ்சு அஞ்சு மாசம் கட்டில்ல கிடந்தேன். கடையைப் பாத்துக்கிட்டது என் மச்சினன். என் வீட்டுக்காரியோட தம்பி. தினம் சாயங்காலம் வந்து கட்டில் பக்கத்துல உக்காந்துப்பான். மாமா, இன்னிக்கு டீச்சர் வண்டிக்குப் புது செட்டு ஏத்தினேன், போல்ட்டுகூட மாத்திட்டேன்னு விலாவாரியாச் சொல்வான். கடை நல்ல கையிலதான் இருக்குன்னு நானும் நிம்மதியாத் தூங்குவேன். நான் ஒரு முட்டாப்பய.

போன வாரம்தான் கம்பை ஊணிக்கிட்டுக் கடைக்கு வந்தேன். அவன் புது செட்டு போட்ட மரக்கடைக்காரர் ஜீப்பு பின்னாடி தொங்கிக்கிட்டு வந்து நின்னுது. சும்மா நகத்தால சுரண்டினேன், அவ்வளவுதான். திரும்பிப் பாக்குறேன், மச்சினனைக் காணோம். இன்னிவரைக்கும் வரல. போகட்டும். அவன் மேல இப்பக் கோவம்கூட வரல.

இல்ல டீச்சர், நீங்க ஒண்ணும் தர வேணாம். நிஜப் புதுசு வாங்கி வெச்சிருக்கேன், இப்பவே மாத்திடலாம். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க.

என்னது? எந்தெந்த வண்டின்னு எனக்கு எப்படித் தெரியும்னா? அவன் எங்கயும் எழுதி வெக்கல. அன்னிக்கு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரிகிட்டதான் புலம்பினேன். உன் தம்பி இப்படிப் பண்ணிட்டான், இன்னும் எத்தனை வண்டிக்குப் பண்ணானோ தெரியலையேன்னு. அவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. மடிக்கிறதை நிறுத்தாமலே, பதினொண்ணுன்னா. அவன் கட்டில் பக்கத்துல உக்காந்து கதை அளந்தப்பல்லாம், எது பொய்னு தெரிஞ்சுக்கிட்டே என் காலைப் பிடிச்சுவிட்டுக்கிட்டு இருந்தவ டீச்சர். யார் யார் வண்டின்னு ஒண்ணு விடாம வரிசையாச் சொன்னா.

உங்களோடது மூணாவது.