அரை மணித்தியாலத்தில் நாலு பிளக்

— இன்னொருக்காச் சொல்லுங்க தனோஜன். எங்க வச்சுப் பிளக் மாத்தினீங்க?

— தன்னாமுனையில எண்டு ரெண்டு தரம் சொல்லிட்டன் கம்சா. செங்கலடியில இருந்து நேரத்துக்குத்தான் வெளிக்கிட்டன். தன்னாமுனை தாண்டேக்க கார் இழுக்காம உதறத் தொடங்கிட்டு. மறுகா வாவிப் பக்கமா ஓரங்கட்டி, பொனட்டத் திறந்து, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி மாத்தினன். அதில ஒரு அரை மணித்தியாலம் போயிட்டு. மறுகா டவுனுக்குள்ள சனம். கலியாணப் பதிவுக் கந்தோரில நேற்று மூண்டு மணிக்கு நிக்க ஏலாமப் போனதுக்கு நான் என்ன செய்ய?

— எந்தக் கார்? இந்தா நிக்குதே, உங்கட சுவிஸ் மாமா விட்டிட்டுப் போன இந்தச் சிவத்த ஸ்போர்ட்ஸ் காரா?

— வேற எந்தக் கார் இருக்கு எனக்கு? நம்பிக்கை இல்லாட்டி நஸீரிட்டக் கேள். சாட்சிக் கையெழுத்து வைக்க அவனையும் ஏத்திக்கொண்டுதானே வந்தன். பிளக்க எடுத்துத் தந்ததே அவன்தான்.

— நஸீர் நீங்க சொல்லிக் குடுத்ததச் சொல்லுவான். நான் காரிட்டக் கேக்கன். பொனட்டத் திறங்க.

— என்னத்துக்கு இப்ப?

— திறங்க எண்டன்.

— இந்தா, பாத்துக்கொள். கம்பஸில எஞ்சினப் பத்திப் படிச்ச எண்டுபோட்டு மாப்பிள்ளையையும் கழட்டிப் பாக்கப் போறியா?

— மாப்பிள்ளை ஆகல்ல இன்னும். பிளக் எங்க இருக்கு? தொட்டுக் காட்டுங்க.

— மேலதான். இந்த மூடிக்குக் கீழ.

— அது காத்து உள்ள போற குழாய்.

— அப்ப இது. இந்தப் பக்கம்.

— அது ஒயில் பில்டர். இந்த எஞ்சினில சுகமாக் கழட்டக்கூடிய சாமான் அது ஒண்டுதான். அதப் பிடிச்சுக்கொண்டு பிளக் எண்டு சொல்றீங்க.

— அவசரத்தில செய்தது. கை போன இடத்தில கழட்டினன்.

— கை போகாது. அதத்தான் சொல்றன். மத்தக் கார்களில எஞ்சின் நிமிந்து நிக்கும், பிளக் தலையில இருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சது அதுதான். இது படுத்திருக்கிற எஞ்சின். ரெண்டு சிலிண்டர் இடப்பக்கம் படுத்திருக்கு, ரெண்டு வலப்பக்கம். பிளக் நாலும் அந்த ரெண்டு கரையிலயும், கார்ச் சட்டத்தோட மூஞ்சிய ஒட்டிக்கொண்டு கீழ கிடக்கு. இடையில கையும் போகாது, ஸ்பேனரும் நேரே போகாது.

— அப்பிடி மடத்தனமா ஆர் கார் செய்வான்?

— பாரம் பதிஞ்சு கிடந்தா வளைவில கார் சாயாது. ஓடுறவனுக்காகச் செய்த கார் இது. திருத்திறவன்ர விரல ஆரும் யோசிக்கல்ல. கொழும்பில ட்ரெய்னிங் செய்யேக்க இதே எஞ்சினுக்கு நான் பிளக் மாத்தியிருக்கன். பட்டரியக் கழட்டி, காத்துப் பெட்டியக் கழட்டி, எஞ்சினப் பிடிச்சிருக்கிற நட்டத் தளத்தி, கீழால ஜக் குடுத்துக் கிளப்பி, ரெண்டு பேர் ஒரு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டினம். நீங்க கலியாணச் சேட்டோட, றோட்டுக்கரையில, அரை மணித்தியாலத்தில நாலையும் மாத்தினீங்க. சேட்டில ஒரு பொட்டுக் கறை பட்டிருக்குமா?

— ஒரு பொம்பிள இப்பிடிக் குறுக்குக் கேள்வி கேட்டா எந்த ஆம்பிள கட்டுவான்?

— கேக்காம இருக்கிறவள் வேணுமெண்டா அத முதல்லயே சொல்லியிருக்கலாம். எங்கட வீட்டில கம்பஸ் படி ஏறின முதல் ஆள் நான். உங்கட பொய்ய நம்புறதுக்கு இல்ல படிச்ச.

— சத்தம் போடாத. அம்மா உள்ளுக்க நிக்கா.

— கேக்கட்டும். சீதன வீட்டோட பழுகாமத்து வயல் வட்டையையும் எழுதித் தரச் சொல்லி நிக்கிறவ அவதானே. பேரம் பேசி முடியிறதுக்குள்ள பதிஞ்சிட்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்க ஏலாது எண்டு ஆர் சொன்ன? வயல் வேணாம், வீடு வேணாம், நீ காணும் எண்டு ஆர் சொன்ன?

— நான்தான்.

— அப்பிடிச் சொன்ன வாயால ஏன் இந்தப் பொய்?

— சரி. பிளக் மாத்தல்ல. காணுமா? கார் நல்லாத்தான் ஓடின. வெளிக்கிட மனம் வரல்ல, இழுத்தடிச்சிட்டன். ஆனா வந்தன் கம்சா. பிந்தித்தான், ஆனா வந்தன்.

— போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம்தானே?

— எத்தினை தரம் எடுத்தன். உன்ர போன்தான் ஓஃப்.

— ம். அது மெய். வந்து?

— நாலு மணி இருக்கும். கந்தோர் மதிலுக்கு அங்கால நிப்பாட்டினன். நீ உன்ர கூட்டாளி கேதீஸ்வரியோட வாசலில நிண்ட. அழுதழுது முகம் வீங்கிப்போய். மறுகா எனக்கு இறங்கக் கால் வரல்ல.

— என்ன உடுத்திருந்தன்?

— நீலச் சேலை. முதல் நாள் சொன்னியே, அதே சேலை.

— நல்லாப் பாத்தீங்களா?

— என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டன். ராவு முழுக்க அந்த முகம்தான் எனக்கு. நித்திரையே இல்ல. உன்ன அப்பிடி நடுத்தெருவில காக்க வச்ச பாவம் என்னச் சும்மா விடாது. மன்னிச்சுக்கொள் கம்சா.

— தனோஜன், நேற்று நான் அந்தச் சேலையக் கட்டிப்போட்டு, பயத்தில ஆரையம்பதியில எங்கட வீட்டுப் படலையக்கூடத் திறந்து வெளிக்கிடல்ல; உங்களக் காக்க வச்சிட்டன் எண்டு மன்னிப்புக் கேக்கத்தான் இண்டைக்கு விடிய பஸ் ஏறி வந்தன்.