வெண்டலின் மேல்கோட்டு

காட்டில் குடிக்கிற காபிக்குச் சர்க்கரை வேண்டியதில்லை. இங்கே நீங்கள் கொடுத்ததில் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. குறையாகச் சொல்லவில்லை. இத்தனை நாள் கூரைக்குக் கீழே உட்காராதவனுக்கு எதுவும் ருசிக்கும்.

ஒன்ராறியோவின் வடக்கே, சாலை முடிந்துபோகிற இடத்துக்கும் அப்பால் இருக்கிறது அந்த ஏரி. படகைக் கவிழ்த்துத் தலைமேல் சுமந்து, சதுப்பும் பாறையும் கடந்துதான் போக வேண்டும். இலையெல்லாம் உதிர்ந்து, கரையோரத் தண்ணீர் காலையில் கண்ணாடி மாதிரி உறையத் தொடங்குகிற சமயத்தில் வருஷாவருஷம் அங்கே கூடாரம் போடுவேன். புறப்படுமுன் வீட்டில் மளிகை நிரப்பிவைப்பேன், விறகு அடுக்கிவைப்பேன். என் மனைவி நோரீனுக்கு எந்தக் குறையும் இருக்கக் கூடாது. பிறகு கதவை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு கிளம்புவேன். காட்டுக்குப் போகிறவனுக்கு வீட்டு நினைப்பு உறுத்தக் கூடாது, பாருங்கள்.

இந்த முறை அவள் தம்பி வெண்டல் தானும் வருவதாகச் சொன்னான். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறவன். காட்டுவாசம் தெரியாது. சாப்பாட்டு மூட்டையைக் கரடி எட்டிப் பறிக்கிற உயரத்தில் கட்டினான். நான் அவிழ்த்து, உயரக் கிளையில் ஏற்றிக் கட்டினேன்.

"கரடிகூட உன்னப் பாத்தா ஒதுங்கித்தான் போகும் மச்சான்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் மீன் வறுத்துச் சாப்பிட்டோம். அவன் விஸ்கியைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, தீயைப் பார்த்தபடியே பேசினான்.

"ஆன்சல், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மனுஷனா உக்காந்து கேட்டுக்க. அக்கா போயிட்டா. நாம கெளம்பின அன்னிக்கே ஆள் வச்சுப் பூட்ட ஒடைச்சு அவளக் கூட்டிட்டுப் போயாச்சு. நீ இங்க இருக்கறப்பதான் அவளால போக முடியும். அதுக்குத்தான் நான் உன்கூட வந்தேன்."

"எங்க போயிருக்கா?"

"அத மட்டும் கேக்காத."

நான் தட்டுகளைக் கழுவிவைத்தேன். கோபப்படவில்லை. கோபத்தில் செய்தது என்று நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுநாள் காலை தீவுப் பக்கம் மீன் நன்றாகக் கடிக்கும் என்றேன். தீவு என்றால் ஒரு பாறையும் அதன்மேல் நாலைந்து ஊசியிலை மரங்களும். அவன் உற்சாகமாகத் துடுப்புப் போட்டான். வேர்த்ததும் மேல்கோட்டைக் கழற்றிப் படகில் வைத்தான். அதை நான் பிடுங்கவில்லை. அவனாகக் கழற்றியது. லைட்டரும் அதன் பையில்தான் இருந்தது.

"எம்மேல கோவமா மச்சான்?" என்று பாறையில் இறங்கும்போது கேட்டான்.

"எதுக்குக் கோவம்? காபி கெட்டிலைக் கூடாரத்துலயே மறந்துட்டேன், போய் எடுத்துட்டு வரேன்" என்றேன்.

எதிர்க்கரையில் கூடாரத்துக்குத் திரும்பிவிட்டேன். தண்ணீர்மேல் குரல் நன்றாகக் கேட்கும். முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டான். "கெட்டிலையே செஞ்சு எடுத்துட்டு வர்றியா மச்சான்?" மதியத்துக்குமேல் மழை பிடித்தது. பனிக்கட்டி கலந்த மழை. அதன்பிறகு கேலி இல்லை.

நான் படகில் போனேன். போகவேயில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கைக்கு எட்டாத தூரத்தில் படகை நிறுத்தி, கோட்டைத் தூக்கிக் காட்டினேன். அவன் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அவ எங்க இருக்கான்னு சொல்லு. கோட்டப் போட்டுக்கிட்டு வந்து படகுல ஏறு. சூடா காபி போட்டுத் தரேன்."

அவன் கோட்டையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சொன்னா அவளக் கொன்னுடுவ, ஆன்சல்."

"பைத்தியமா உனக்கு? அவ என் பொண்டாட்டி."

"சொல்ல மாட்டேன்."

வெளிச்சம் மங்குவதற்குள் இன்னொரு முறை போனேன். பல் கிட்டி வார்த்தை குழறியது. ஆனாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அவ்வளவு பிடிவாதக்காரன் என்று எனக்குத் தெரியாது. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறவன், பனிக்கட்டி அளவுக்குக்கூட இளகவில்லை. நான் கேட்டதோ ஒரே ஒரு விலாசம். உயிரா, விலாசமா என்று தேர்ந்தெடுத்தது அவன்தான்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். மரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோட்டை அவன் தோளில் போட்டு, பித்தான்களை மாட்டிவிட்டேன். தூக்கிப் படகில் ஏற்றி, சதுப்பும் பாறையும் கடந்து நானே சுமந்து வந்தேன். ஏரியில் தள்ளிவிட்டு, வழி தவறிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். யாரும் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் உடம்பு இல்லாமல் அடக்கம் ஏது? அடக்கம் இல்லாமல் நோரீன் எப்படி வருவாள்? கூடப் பிறந்த தம்பி. கட்டாயம் வருவாள்.

எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவள் வருகிற அன்று மட்டும் என்னையும் அங்கே கூட்டிப்போங்கள். ஒரு நிமிடம் போதும். அது முடியாதென்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். அவன் அநாதையாகச் செத்தான் என்று நினைத்து அவள் வேதனைப்படக் கூடாது. கடைசிவரைக்கும் நான் எதிர்க்கரையில்தான் இருந்தேன். அவனுக்குத் தெரியட்டும் என்று தீயைப் பெரிதாகவே மூட்டிவைத்திருந்தேன்.