கட்டம் போட்ட பட்டாளம்

கச்சிராயபாளையம் டவுன் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். வரப்போகும் சம்பந்திக்கு அனுப்பப் படம் எடுக்கக் கள்ளக்குறிச்சி ஸ்டுடியோவுக்குப் போகிறார்கள்.

“லுங்கியிலயா சம்பந்திக்குப் போட்டோ?” என்றார் அந்த அம்மா.

கணவர் போனை நீட்டினார். “அந்தக் காலத்துல நம்ம நாட்டுக்கு வந்த ஸ்காட்லாந்து பட்டாளம் இது. கட்டம் போட்ட துணிய முட்டி வரைக்கும் கட்டிக்கினு, துப்பாக்கியோட போட்டோவுக்கு நிக்கிறானுங்க. நான் கட்டினா இன்னா?”

அந்த அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“மேல கோட்டு, கால்ல சாக்ஸு, ஷூ. இருக்கறதுலயே நல்லத போட்டுக்கினு நிக்கிறாங்க. நீ?”

“எங்கிட்ட இருக்கறதுலயே நல்லது இதான். தீபாவளிக்கு நீ எடுத்துக் குடுத்தது.”

அந்த அம்மா லுங்கித் துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

“சரி, மடிச்சுக் கட்டாத. முட்டி தெரியாம எறக்கி வுட்டுக்கினு நில்லு.”